பெரிய சனிக்கிழமை வாங்கிய இறைச்சி

1

போன மாதம் முகநூலில் நான் போட்ட படத்துக்கு ஊரிலிருந்து இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரேயடியாக எழுதுகிறேன்.

படத்தில் எனக்குப் பின்னால் தெரிவது கப்பல் துறைமுகம் அல்ல, கடைதான். க்ரொய்டன் பக்கத்தில் இருக்கும் மொத்த விற்பனைக் கிடங்கு. சீமெந்துத் தரை, கூரையை முட்டும் இரும்புத் தட்டுகள். உறுப்பினர் அட்டை இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஸ்ட்ரெதமில் இருந்து காரில் அரை மணித்தியாலம். பனிக்குளிர் அடிக்கும் அந்த நீள அலமாரி முழுக்க மாட்டிறைச்சி. தம்பியின் மனைவி, "மச்சாள், இவ்வளவு இறைச்சியில நல்லது எது எண்டு என்னெண்டு கண்டுபிடிக்கிறியள்?" என்று கேட்டிருந்தாள்.

அதைச் சொல்லுவதில் எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. இந்த விஷயத்தில் நான் பண்டிதை. ஸ்டேக் என்றால் முதலில் தடிப்பைப் பார்க்க வேண்டும். இரண்டு விரல் தடிப்புக்குக் குறைந்தால் வைத்துவிட்டு வாருங்கள், சட்டியில் போட்டதும் காய்ந்துவிடும். சிவப்புக்குள் வெள்ளைக் கொழுப்பு மெல்லிய நூலாகப் பரவியிருக்க வேண்டும். ஓரத்தில் மட்டும் கட்டியாக இருந்தால் அது எடைக்குத்தான் உதவும். பெட்டியைச் சரித்தால் சிவப்புத் தண்ணீர் ஓடக்கூடாது. அது இரத்தம் அல்ல என்றாலும், கனநாள் கிடந்தது என்பதற்கு அது அடையாளம். பெருவிரலால் மெல்ல அமத்தினால் குழி விழுந்து உடனே நிமிர வேண்டும். முன்வரிசையில் இருப்பதை ஒருநாளும் எடுக்கக்கூடாது. கையை உள்ளே விட்டுப் பின்வரிசையில் எடுங்கள், பிந்திய திகதி அங்கேதான் இருக்கும்.

இதையெல்லாம் நான் சமையல் புத்தகத்தில் படிக்கவில்லை. அடிவாங்கிப் படித்தேன். இறைச்சி இறுகினால் எனக்கு அடி விழும். பதினாறு வருடம் அப்படித்தான் படித்தேன்.

படத்தில் எனக்குப் பக்கத்தில் பெட்டியோடு நிற்கும் பிள்ளை யார் என்றும் பாதிப்பேர் கேட்டிருக்கிறீர்கள். "மருமகளோ?" என்று கண்ணடிக்கும் பொம்மைகள் வேறு. அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

2

என் புருஷன் அன்ரனை உங்களில் பலருக்குத் தெரியும். கோயிலில் வாசகம் வாசித்தவர், ஊருக்கு வரும்போது எல்லோருக்கும் சொக்கலேற் கொண்டு வந்தவர். 'அவர்' என்றுதான் இப்போதும் எழுதுகிறேன். மரியாதையால் அல்ல, கை பழகிவிட்டது.

லண்டனுக்கு வந்த புதிதில் அவர் ஒரு ஸ்டேக் உணவகத்தில் அடுப்படியில் நின்றார். அங்கே வெள்ளைக்காரச் சமையல்காரன் அவரை வாயில் வந்தபடி ஏசுவானாம், தட்டை முகத்துக்கு நேரே எறிவானாம். அதை வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். பிறகு சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை எடுத்தார், மொத்தக் கிடங்கின் அட்டையும் வந்தது. சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் ஸ்டேக் என்பது சட்டமாகிவிட்டது.

நம்முடைய ஆட்கள் மாட்டிறைச்சியை எப்படிச் சமைப்போம் என்று உங்களுக்குத் தெரியும். தூள் போட்டு, எலும்பில் இருந்து கழரும் மட்டும் அவிப்போம். எனக்கும் அதுதான் தெரியும். நடுவில் ரோசா நிறம் இருக்கவேண்டும் என்றால் எனக்கு வயிற்றைப் பிரட்டியது. முதல் சனிக்கிழமை நன்றாக வேகவைத்து வைத்தேன். அவர் வெட்டிப் பார்த்தார். சத்தம் போடவில்லை. முள்ளுக்கரண்டியை மேசையில் வைத்தார், வாயைத் துடைத்தார், எழுந்து வந்து என் காதோடு சேர்த்து அறைந்தார். நான் குளிர்சாதனப் பெட்டியில் மோதி விழுந்தேன். மகன் ஜெரோமுக்கு அப்போது ஒரு வயது, குழந்தைக் கதிரையில் இருந்து கை தட்டினான்.

அதன் பிறகு கன்னம், முதுகு, முட்டி, தலைமயிர். ஒருமுறை சூடான கரண்டி. நெஞ்சுக்கு மேலே அடிக்கமாட்டார் என்று சில பெண்கள் தங்கள் புருஷன்மாரைச் சொல்லுவார்கள், வெளியில் தெரியக்கூடாதாம். என்னுடையவருக்கு அந்த நாகரிகமும் இல்லை. கறுத்த கண்ணோடு பூசைக்குப் போவேன். "என்ன பிள்ளை, அலுமாரிக் கதவோ?" என்று கோயில் ஆட்கள் தாங்களாகவே ஒரு கதவைத் தந்துவிடுவார்கள். நானும் வாங்கிக்கொள்ளுவேன்.

வருடத்தில் நாற்பது நாள் மட்டும் எனக்கு அடி இல்லை. விபூதிப் புதனில் இருந்து உயிர்த்த ஞாயிறான பாஸ்கு வரைக்கும். எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் தவக்காலம்தான். இறைச்சி இல்லை, குடி இல்லை, தொலைக்காட்சியில் பாட்டு இல்லை. நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தார் என்றால் அன்றிலிருந்து அவர் வேறு மனிதர். தேத்தண்ணீர் கூடத் தானே போட்டுக் குடிப்பார். நான் சட்டியைக் கை தவறிப் போட்டாலும், "பரவாயில்லை, விடு" என்பார். மற்றப் பெண்கள் பாஸ்குவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று ஆசையோடு எண்ணுவார்கள். நானும் எண்ணினேன், அது வரவேண்டாம் என்று. பாஸ்குவுக்கு முதல்நாளான பெரிய சனிக்கிழமை அவரோடு கிடங்குக்குப் போய் ஒவ்வொரு பெட்டியாக அமத்திப் பார்த்து இறைச்சி எடுப்பேன். மறுநாள் எல்லோரும் அல்லேலூயா பாடிவிட்டு வருவார்கள். நான் சட்டியைச் சூடாக்குவேன்.

3

இந்த இடத்தில்தான் நான் ஒரு பெரிய பிழை விட்டேன்.

இறைச்சி இல்லாத நாளில் அடி இல்லை, இறைச்சி வந்ததும் அடி வருகிறது. அப்படியானால் இறைச்சியில்தான் ஏதோ இருக்கிறது என்று முடிவு கட்டினேன். சிரிக்காதீர்கள். மாட்டிறைச்சி சூடு, இரத்தத்தைக் கொதிக்க வைக்கும் என்று நீங்களும்தானே சொல்லி வளர்த்தீர்கள். கோயிலில் என்னோடு பூ அடுக்கும் ஒரு அக்காவும் அதையேதான் சொன்னா. "இறைச்சியை நிப்பாட்டிப் பாரும், ஆள் குளிர்ந்து போவார்" என்றா. தவக்காலத்தை நீட்டிவிட்டால் என் உயிர் தப்பும் என்று நம்பினேன்.

ஏழு வருடத்துக்கு முந்திய பாஸ்கு அது. பெரிய சனிக்கிழமை அவருக்குக் கடையில் வேலை. என்னைத் தனியாக அனுப்பினார். நான் கிடங்குக்குப் போனேன், அலமாரிக்கு முன்னால் நின்றேன், ஒன்றும் எடுக்காமல் திரும்பினேன். மறுநாள் மேசையில் சோறு, கத்தரிக்காய்க் கறி, பருப்பு, மீன் பொரியல், பால் சொதி. அவ்வளவும் ருசியாக வந்திருந்தது. ஒரு முட்டாள் எவ்வளவு சந்தோஷமாகச் சமைக்க முடியுமோ அவ்வளவு சந்தோஷமாகச் சமைத்தேன்.

அவர் மேசையைப் பார்த்தார். "எங்க?" என்றார்.

"இண்டைக்கு வேண்டாமே. கொஞ்ச நாளைக்கு இறைச்சி இல்லாமல் இருப்பமே" என்றேன்.

தலைமயிரில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். எங்கள் வீட்டில் அடுப்படிக்குப் பின்னால் பெட்டி மாதிரியான பெரிய உறைபெட்டி இருந்தது, மூடியை மேலே தூக்கித் திறக்கிறது. "தேடு" என்றார். "உள்ளுக்கு இருக்கும், தேடி எடு." அதில் ஒன்றும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இடது கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஐஸைத் துழாவினேன். மூடியை அடித்து மூடினார். ஒருமுறை அல்ல. மூன்றாம் தரம் மூடினபோது எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

பக்கத்து வீட்டு பெவர்லி, ஜமேய்க்காக்காரி, வேலியால் எட்டிப் பார்த்துப் பேசுகிறவளும் அல்ல. அவள்தான் பொலிசுக்கு எடுத்தாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது ஒற்றைச் சுவர். வருடக்கணக்காக அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பொலிஸ் நிலையத்தில் எனக்கு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டார்கள். வந்தவர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், என் புருஷனோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டவர். நான், "மூடியாலை கையை நசுக்கினவர், பதினாறு வருசமா அடிக்கிறவர்" என்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில், கணவன் மனைவிக்குள் சின்ன வாக்குவாதம் என்றார். என் ஆங்கிலம் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சமையலறையின் ஆங்கிலம். தட்டு, சூப், சீனி இல்லாத ஜெலி, அவ்வளவுதான். ஆனாலும் வாக்குவாதம் என்ற சொல் எனக்குத் தெரியும். கட்டுப்போட்ட கையை மேசையில் வைத்தேன். "நோ ஆர்கியுமென்ட். ஹீ பீட். ஐ நோ பீட்" என்றேன். பொலிஸ்காரி பேனையை வைத்துவிட்டு அந்த மனிதரை எழும்பிப் போகச் சொன்னாள்.

பிறகு தொலைபேசியில் வேறு ஒரு பெண் மொழிபெயர்த்தாள். கேள்விக்கு மேல் கேள்வி. குடித்திருந்தாரா? இல்லை, அன்றைக்குக் குடிக்கவில்லை. கோபத்தில் தன்னை மறப்பாரா? ஓம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன்னை மறக்கிற மனிதன் நாற்பது நாள் எப்படி மறக்காமல் இருந்தான்? சாம்பல் பூசினவுடன் நிறுத்தத் தெரிந்திருக்கிறது. ஆண்டவருக்காக நிறுத்தினவர் எனக்காக ஒருநாளும் நிறுத்தவில்லை. இறைச்சியுமில்லை, சூடுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை. அந்த மனிதனுக்கு அடிக்காமல் இருக்கத் தெரியும். அவர் அடிக்க விரும்பினார், அடித்தார். உடைந்த கையின் வலியைவிட அந்த எண்ணம் என்னைக் கூடச் சுட்டது. இடது கையில் சின்ன விரலும் மோதிர விரலும் இன்றைக்கும் மடங்காது.

4

அவர் வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. அவர் தமையன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது மறக்காமல் ஒரு வேலை செய்தார், கிடங்கு அட்டையில் என் பெயரை வெட்டிவிட்டார். அந்த அட்டை அவருடைய கடையின் பெயரில் இருந்தது, நான் அதில் ஒட்டிக்கொண்டிருந்த மனைவி.

எனக்குச் சொந்த அட்டை வேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு ஸ்டேக் பிடிக்கும், அதுதான். பயத்தில் படித்தாலும் படித்த படிப்புப் படிப்புத்தானே. சட்டியில் வெண்ணெய் உருகி, உள்ளி மணத்து, நடுவில் ரோசா நிறத்தோடு இறக்கி, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் முழுதாக நானே சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களுக்கு அட்டை தருவார்கள். சம்பளத் துண்டோடு போனேன். முகவரிக்கு அத்தாட்சி கேட்டாள் மேசையில் இருந்த பிள்ளை. கவுன்சில் வரி அவர் பெயரில், கரண்ட் பில் அவர் பெயரில், தண்ணீர் அவர் பெயரில். அந்த வீட்டில் நான் இருபது வருடம் கூட்டித் துடைத்ததற்கு ஒரு கடதாசி கிடையாது. கைப்பையைத் துழாவினேன். என் பெயரும் வீட்டு முகவரியும் சேர்ந்து அச்சடித்த ஒரே கடதாசி நீதிமன்ற உத்தரவுதான். அதை நீட்டினேன்.

அந்தப் பிள்ளை முதல் பக்கத்தை வாசித்தாள். இரண்டாம் பக்கத்தைத் திருப்பாமல் மேலாளரைக் கூப்பிட்டாள். மேலாளர் நின்றபடியே வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "கமராவைப் பாருங்கள்" என்றாள் அந்தப் பிள்ளை. அட்டையில் உள்ள படத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். பங்கில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் சிரிக்கவில்லை. "குடும்ப விஷயத்தைக் கடையிலயும் காட்டினனீரோ?" என்று பூ அடுக்கும் அக்கா கேட்டா. "கடையில எண்டாலும் வாசிச்சவை" என்றேன். அதோடு நான் பூ அடுக்கப் போவதில்லை.

5

இப்போது ஜெரோமைப் பற்றி எழுத வேண்டும். இதை எழுத எனக்குக் கை வரவில்லை.

உறைபெட்டி நடந்த அன்று அவனுக்குப் பதினேழு வயது. மேலே அறையில் காதில் ஹெட்போனைப் பூட்டிக்கொண்டு இருந்தான். பொலிஸ் வந்த பிறகுதான் இறங்கி வந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எட்டு வயதில் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "அம்மாவின் முகத்தில் என்ன?" என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குப் பாடமாக்கிக் கொடுத்தது நான். படியில் வழுக்கினா, கதவு இடித்தது, காருக்குள் ஏறும்போது அடிபட்டது. சைவப் பிள்ளைகள் தேவாரம் பாடமாக்குவார்களே, அப்படி ஒப்புவிப்பான். சொன்னதைப் பிழையில்லாமல் சொன்னால் பிஸ்கற் கொடுத்தேன். நானும் அவனை அகப்பைக்காம்பால் அடித்திருக்கிறேன், அதையும் மறைக்கவில்லை.

அவனுக்கு இப்போது இருபத்துநாலு. ரயில் கம்பனியில் நல்ல வேலை. என்னோடு தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பான். தகப்பனிடமும் போய் வருகிறான். நான் ஏன் போகிறாய் என்று கேட்டதில்லை.

படத்தில் இருக்கும் பிள்ளை பிரவீணா, அவன் விரும்புகிற பிள்ளை. கிங்ஸ்பரியில் வீடு, சைவப் பிள்ளை, மருந்துக்கடையில் வேலை. ஆறு மாதமாக என் வீட்டுக்கு வந்து போகிறாள். என்னை அன்ரி என்று கூப்பிடுவாள், வந்தவுடன் சப்பாத்தைக் கழற்றி நேராக அடுக்கிவைப்பாள். பிறந்ததில் இருந்து மாட்டிறைச்சி தொடாத பிள்ளை.

இந்தமுறை பெரிய சனிக்கிழமை மூன்று பேருமாகக் கிடங்குக்குப் போனோம். அலமாரிக்கு முன்னால் ஜெரோம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"பிரவீ, நாளைக்கு நீதான் குக் பண்ணுறாய். சூஸ் பண்ணு."

"எனக்குத் தெரியாது ஜே. அன்ரியை எடுக்கச் சொல்லுங்கோவன்."

"நோ. நீ."

அவள் நகநுனியால் ஒரு பெட்டியைத் தூக்கினாள். அவன் அதைப் பறித்துத் திருப்பி எறிந்தான். இரண்டாவதையும் எறிந்தான். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் தள்ளுவண்டியோடு விலகிப் போனார். ஜெரோம் சிரித்துக்கொண்டே அவளுடைய பிடரியில் கையை வைத்தான். பார்ப்பவர்களுக்கு அன்பாகத் தெரிந்திருக்கும். பெருவிரல் காதுக்குக் கீழே அழுந்தியிருந்தது. அவள் தோளை உயர்த்திக்கொண்டு அசையாமல் நின்றாள்.

அந்தப் பிடி எனக்குத் தெரியும். பூசை முடிந்து கோயில் வாசலில் ஆட்களோடு கதைத்துக்கொண்டு நிற்கும்போது அன்ரன் என்னை அப்படித்தான் பிடிப்பார்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "கையை எடடா" என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிடவில்லை. அவளுக்குப் பக்கத்தில் போய் நின்று, "இஞ்ச பாரும் பிள்ளை, முன்னுக்கு இருக்கிறதை எடுக்கக் கூடாது, பின்னுக்குக் கையை விடும்" என்று சொல்லிக் கொடுத்தேன். தடிப்பைக் காட்டினேன். கொழுப்பைக் காட்டினேன். பெருவிரலால் அமத்தப் பழக்கினேன். "இப்பிடி எடுத்தீர் எண்டால் அவன் ஒண்டும் சொல்லமாட்டான்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். ஜெரோமுக்கு மனம் குளிர்ந்து, "ரெண்டு பேரும் நில்லுங்கோ" என்று படம் எடுத்தான். அங்கேயே நின்று நான் முகநூலில் போட, நீங்கள் விருப்பக்குறி போட்ட படம் அதுதான்.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அத்தனை வருடமும் என்னைச் சுற்றியிருந்தவர்கள் எனக்குச் செய்ததைத்தான் நான் அந்தப் பிள்ளைக்குச் செய்தேன். அடி எப்படி வரும் என்று தெரிந்துகொண்டு, அடிக்குத் தப்ப வழி சொல்லிக் கொடுத்தேன். அவளை அவனிடம் இருந்து காப்பாற்றுவதா, என் பிள்ளையை நல்லவனாக நினைத்துக்கொண்டு இருப்பதா என்ற இரண்டில் நான் இரண்டாவதை எடுத்தேன். என் மேல் எனக்கு வந்த அருவருப்பு அன்ரன் மேல்கூட வந்ததில்லை.

6

பாஸ்கு ஞாயிறு மத்தியானம். பூசை முடிந்து வந்திருந்தோம். ஜன்னலால் நல்ல வெயில். பிரவீணா தலைமயிரை உயர்த்திக் கட்டிக்கொண்டு அடுப்பில் நின்றாள். சட்டி புகைந்தது. இறைச்சியைப் போட்டதும் எழுந்த மணத்தில் அவளுக்கு ஓங்காளம் வந்தது. முழங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தை மற்றப் பக்கம் திருப்பினாள். திருப்பின நேரம் கூடிவிட்டது. நான் எட்டிப் பார்ப்பதற்குள் எல்லாம் கறுத்துவிட்டது.

மேசையில் வைத்தாள். ஜெரோம் வெட்டினான். நடுவரைக்கும் சாம்பல் நிறம்.

அவன் சத்தம் போடவில்லை. முள்ளுக்கரண்டியை மேசையில் வைத்தான். வாயைத் துடைத்தான்.

"பிரவீ, கம் ஹியர்."

வந்தாள்.

"இது என்ன கலர்?"

"சொரி ஜே. நான் வேற ஒண்டு..."

"கலரைக் கேட்டனான்."

"பிரவுன்" என்றாள்.

பிடரியில் பிடித்தான். "அப்ப நீ சாப்பிடு" என்று அவளுடைய முகத்தைத் தட்டில் அமத்தினான். அவள் மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினாள். அவன் எழும்பி நின்று இன்னும் பலமாக இடித்தான். தட்டு வெடித்தது. அவளுடைய புருவத்துக்கு மேலே பிளந்து, வெள்ளை மேசைத்துணியில் இரத்தம் கொட்டியது. அது சிவப்புத் தண்ணீர் அல்ல. "ஈட் இட்" என்றான் மறுபடியும், வாய்க்குள் திணிக்கக் கையால் இறைச்சியை எடுத்தபடி.

நான் அடுப்பில் இருந்த இரும்புச் சட்டியைத் தூக்கினேன். பிடி சுட்டது, விடவில்லை. கொதித்த நெய்யோடு சேர்த்து அவனுடைய தோள்மூட்டில் ஓங்கி அடித்தேன். அவன் கத்திக்கொண்டு கதிரையோடு சரிந்தான். இரண்டாம் தரமும் அடித்தேன், முதுகில். மூன்றாம் தரம் ஓங்கினேன். கொல்ல வேண்டும் என்று அந்த நிமிடம் எனக்குள் இருந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இவ்வளவும் எழுதினது பொய்யாகிவிடும். அவன் கையால் தலையைப் பொத்தினான். பெற்ற கண்ணுக்கு அது பட்டது, சட்டி கையிலிருந்து விழுந்தது.

அவன் எழும்பினான். என்னைவிட ஒரு முழம் உயரம். முஷ்டியைப் பொத்திக்கொண்டு எனக்கு மேலே வந்து நின்றான். நான் அசையவில்லை. "அடி" என்றேன். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான், நின்றான், பிறகு கையைக் கீழே போட்டான். அவனுக்கும் அடிக்காமல் இருக்கத் தெரிந்திருந்தது.

பிரவீணா மேசைத்துணியால் நெற்றியைப் பொத்திக்கொண்டு தரையில் இருந்தாள். "அன்ரி, இட்ஸ் ஓகே" என்றாள். "என்ர பிழைதான். நான்தான் கூட வேக வைச்சிட்டன். அவருக்கு ஒண்டும் செய்யாதேங்கோ."

நான் தொலைபேசியை எடுத்தேன். அடிப்பவனுக்காக அடிபட்டவளே பேசும் அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பொலிசுக்கு மூன்று முறை ஒன்பதை அமத்தினேன்.

"அம்மா, யாருக்கு எடுக்கிறியள்?" என்றான் ஜெரோம். அவனுடைய முகம் வெளிறிவிட்டது. "அம்மா, பிளீஸ். ரெக்கோட் ஆகும். வேலை போயிடும். டோன்ட் டூ திஸ்."

"தள்ளி நில்லு."

"அம்மா, நான் உங்கட பிள்ளை."

"ஓம்" என்றேன். "தெரியும்."

மறுபக்கத்தில் ஒரு பெண் குரல், அவசரமில்லாமல் கேட்டது. யாருக்காவது காயமா? ஓம், ஒரு பிள்ளைக்கு, நெற்றியில், இரத்தம் ஓடுகிறது. அடித்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா? ஓம், எனக்கு முன்னால் நிற்கிறார். அவருக்கு நீங்கள் என்ன உறவு? மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். மதர், என்றேன்.

பிறகு அவனுடைய முழுப்பெயரைக் கேட்டாள். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில், கையில் துணி சுற்றின குழந்தையோடு நின்று நான் சொன்ன பெயர். அவனைப் பார்த்துக்கொண்டே, அவள் எழுதி முடிக்கும்வரைக்கும் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.